அக்னிவீரர் வேலை நிலையான வேலையா?

படைப்பணியை 'நிலையான அரசு வேலை' என்று பலர் இளைஞர்களுக்குப் பரிந்துரைப்பது, 2022-இல் முப்படைகளுக்கு வீரர்களைக் குறுகிய காலத்துக்கு எடுக்கும் அக்னிபத் திட்டம் வருவதற்கு முந்தைய காலத்துக்கே பொருந்தும். இன்று அதிகாரி நிலைக்குக் கீழ் வீரர்களாகச் சேர்பவர்கள், அதாவது அக்னிவீரர்கள், நான்கு ஆண்டுகளுக்கே எடுக்கப்படுகிறார்கள். அவர்களில் அதிகபட்சம் 25 விழுக்காட்டினருக்கே நிரந்தரப் பணி, மற்றவர்களுக்கு ஓய்வூதியமோ பணிக்கொடையோ கிடையாது. முதலாண்டில் மாதம் 30,000 ரூபாயில் 9,000 ரூபாய், வெளியேறும்போது மொத்தமாகத் தரப்படும் 'சேவா நிதி' என்ற சேமிப்புக்குப் பிடிக்கப்பட்டு, 21,000 ரூபாயே கைக்கு வரும். அரசும் அதே அளவு செலுத்துவதால், வெளியேறும்போது ஏறத்தாழ 11.71 லட்சம் ரூபாய் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால், எங்கள் வேலூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் விடியற்காலையில் ஏரிக்கரையில் ஓடிப் பழகுவது, 15 ஆண்டுப் பணி முடித்து ஓய்வூதியத்துடன் திரும்பிய பெரியப்பாக்களைப் பார்த்துத்தான். நாட்டுப்பற்றால் சேர்வது வேறு. வருமானத்துக்காகச் சேர்பவர், பணியில் இருக்கும்போதே தொலைநிலைக் கல்வியில் ஒரு பட்டத்தையாவது முடித்துக்கொள்வது நல்லது.