பார்ட்ஸ் இல்லையாம், பேட்டரி மெஷின் போடலாமாம்!

"பார்ட்ஸ் கிடைக்காது சார். உள்ள இருக்கிறத தூக்கிட்டு பேட்டரி மெஷின் போட்டுடலாம். வெளிய பார்க்க அப்படியேதான் இருக்கும்."

புதுச்சேரியிலேர்ந்து கடலூர் வரைக்கும் பழைய பாக்கெட் வாட்ச்சைக் கொண்டுபோய் எந்தக் கண்ணாடிப் பெட்டி மேல வெச்சாலும் இதே பாட்டுதான். பின்மூடியத் திறக்கிறதே கிடையாது. டயலை ஒரு பார்வை, காதுகிட்ட ஒரு குலுக்கு, தீர்ப்பு ரெடி. பல்வலின்னு வந்தவனுக்குத் தலையையே மாத்திடலாம்னு சொல்ற வைத்தியம்!

அப்படியேவா இருக்கும்? எனாமல் டயலுக்குப் பின்னாடி ரெண்டோ மூணோ செப்புக் கால் இருக்கும். பேட்டரி மெஷின்ல அதுக்கு இடம் கிடையாது. கட்டிங் பிளேயரை எடுத்து நறுக்குறாங்க. அந்த அதிர்ச்சியில முன்பக்க எனாமல்ல தலைமுடி மாதிரி விரிசல் ஓடும், அது ஆயுசுக்கும் போகாது. பழைய நீல முள்ளோட ஓட்டை புது மெஷினோட தண்டுல நிக்காது, அதனால தகர முள். 6 மணி பக்கத்துல இருக்கிற குட்டி வினாடி வட்டம் முள்ளே இல்லாம ஓட்டையோட முழிச்சுக்கிட்டு கிடக்கும். இதுக்குக் கூலி வேற!

பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்த சொல்தா தாத்தா பெட்டியிலயும் கடலூர் வக்கீல் வீட்டு பீரோவிலயும் லிப், ஒமேகா, வால்தம், வெஸ்ட் எண்ட்னு எதுவாச்சும் ஒரு பழைய வாட்ச் இன்னும் கிடக்கிற பக்கம் இது. பார்ட்ஸ் உலகத்துலயே இல்லைங்கிறது பெரும்பாலும் பொய். என்ன பார்ட்ஸ்னு கேக்கத் தெரியலைங்கிறதுதான் நிஜம்.

டயல்ல இருக்கிற பேரை வெச்சு பார்ட்ஸ் தேடுறது முதல் கோளாறு. அந்தப் பேரு பல நேரம் வித்த கடையோட பேரு. ஜாதகம் உள்ள மெஷின்ல இருக்கு. சுவிஸ் மெஷினா இருந்தா பேலன்ஸ் சக்கரத்துக்கு, அதாவது முன்னும் பின்னும் ஆடுற சக்கரத்துக்கு அடியிலயோ, டயலைக் கழட்டினா தெரியுற தட்டுலயோ சின்ன முத்திரையும் கேலிபர் நம்பரும், அதாவது மெஷினோட மாடல் நம்பரும் தேடணும். முத்திரை இல்லையா, டயல் பக்கத்துத் தட்டோட விட்டத்தை வெர்னியர்ல அளங்க. சுவிஸ்காரன் அதை 'லைன்'ங்கிற பழைய பிரெஞ்சு அளவுல சொல்லுவான். ஒரு லைன் 2.256 மில்லிமீட்டர், அதனால 43 மில்லிமீட்டர் வந்தா 19 லைன். விட்டம், சக்கரங்களை மேலேர்ந்து பிடிச்சிருக்கிற பாலங்களோட வடிவம், சாவி திருப்புற பக்கத்து லீவர் வடிவம், மூணும் தெரிஞ்சா பழைய கேட்லாக்ல பிடிச்சிடலாம்.

அமெரிக்க வாட்ச்சுக்கு வேலை இன்னும் சுலபம். வால்தம், எல்ஜின் ரெண்டுக்கும் மெஷின் மேலயே சீரியல் நம்பர் வெட்டியிருக்கும். அதை வெச்சு சைஸ், மாடல், கிரேடு எல்லாம் நெட்ல இலவசமாவே பார்க்கலாம். 16 சைஸ்னா 43.18 மில்லிமீட்டர், 18 சைஸ்னா சுமார் 44.9. ஆனா நம்மாளுங்க பின்மூடி உள்பக்கத்து நம்பரை எழுதிக்கிட்டு வந்து "தேடிட்டேன், ஒண்ணுமே வரல"ங்கிறாங்க. அது கேஸ், அதாவது வெளிக்கூட்டோட நம்பர்ங்க! அங்க அப்போ கேஸ் ஒரு கம்பெனி, மெஷின் ஒரு கம்பெனி. பெரும்பாலும் கடையில வெச்சுதான் ரெண்டையும் சேர்ப்பாங்க.

அதுக்காக எல்லாத்துக்கும் கிடைக்கும்னு சொல்ல வரல. தனிச் சாவி போட்டுத் திருப்புற 19ஆம் நூற்றாண்டு சுவிஸ் வாட்ச்ல ஒவ்வொரு பார்ட்டும் கையால உரசிப் பொருத்தினது. பக்கத்துல இன்னொரு அதே மாதிரி வாட்ச் இருந்தாலும் அதோட சக்கரம் இதுல உட்காராது. அதுக்கு லேத்ல கடைஞ்சுதான் ஆகணும். அப்போ "கடையணும், எனக்கு லேத் இல்ல"ன்னு சொல்லுங்க, மதிப்போம். ஏன் "இல்ல"?

வாட்ச்சை ஓட்டுற மெயின் ஸ்பிரிங்ல நடக்கிற கூத்தைச் சொல்லியே ஆகணும். அறுந்தது இதுதான்னு கண்டுபிடிச்சுட்டா, டப்பாவைக் குடைஞ்சு பார்வைக்கு ஒத்த ஒண்ணை எடுத்துச் சுருட்டித் திணிக்கிறாங்க. ஸ்பிரிங்குக்கு அளவு நாலு: அகலம், தடிமன், நீளம், வெளிமுனை. முனை மட்டும் எத்தனை வகை! ஓட்டை போட்டது பேரல், அதாவது ஸ்பிரிங் சுருண்டு கிடக்கிற டப்பியோட சுவர்ல இருக்கிற கொக்கியில மாட்டும். டி மாதிரி ரெண்டு காது வெச்சது பேரலோட அடியிலயும் மூடியிலயும் இருக்கிற துளையில உட்காரும். முனை மாறிப் போட்டா சாவி கொடுத்துக்கிட்டே இருக்கலாம், நிறையவே நிறையாது. அகலம் கூடினா மூடி புடைச்சு பக்கத்துச் சக்கரத்துல உரசும். தடிமன்தான் எமன். ஸ்பிரிங்கோட பலம் தடிமனோட மூணாம் அடுக்குல ஏறும். 0.20 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்துல 0.22 போட்டா அதிகம் ரெண்டு புள்ளிதானேன்னு தோணும், ஆனா பலம் மூணுல ஒரு பங்கு கூடிடும். பேலன்ஸ் ஒரு பக்கமா கிட்டத்தட்ட முழுச் சுத்து போய், அதோட அடியில இருக்கிற ரோலர் கல்லு, பேலன்ஸைத் தள்ளிவிடுற லீவரோட கொம்புக்கு வெளிப்பக்கத்துல மோதும். குதிரை ஓட்டம் மாதிரி சத்தம் கேக்கும், மணிக்கணக்குல ஃபாஸ்ட்டா ஓடும். அப்போ என்ன பண்றாங்க? பேலன்ஸை ஆட்டுற மெல்லிசான ஹேர் ஸ்பிரிங்கை வளைக்கிறாங்க! வயித்துவலிக்கு வாயைக் கட்டின கதை. அதுக்கப்புறம் தேவைப்படுறது ரெண்டு பார்ட்ஸ்.

சில அமெரிக்க மெஷின்ல நடுச்சக்கரத்துப் பினியன் (சின்னப் பல்சக்கரம்) திருகுமறையில நிக்கும். ஸ்பிரிங் படார்னு அறுந்தா பல்லு போகக் கூடாதுன்னு அது தானே கழண்டுக்கிற மாதிரி வெச்சிருக்கான். புது ஸ்பிரிங் போட்டும் ஓடலைன்னா அதை முறுக்கணும், அவ்வளவுதான். "நடுச்சக்கரம் போச்சு சார், கிடைக்காது"ன்னு சொல்லி வாட்ச்சைத் திருப்பிக் கொடுக்கிற மகான்களை என்ன சொல்றது?

கீழ விழுந்த வாட்ச்ல போறது பேலன்ஸ் ஸ்டாஃப், அதாவது பேலன்ஸோட அச்சு. அதோட நுனி சுமார் 0.1 மில்லிமீட்டர், முடியைவிடக் கொஞ்சம்தான் தடிமன். அதிர்ச்சி தாங்குற அமைப்பெல்லாம் 1930கள்லதான் பரவ ஆரம்பிச்சுது. அமெரிக்க ஸ்டாஃப் இன்னும் வாங்கக் கிடைக்குது. ஆனா ஒரே மாடலுக்கே நுனித் தடிமன் 11, 12, 13ன்னு மில்லிமீட்டர்ல நூத்துல ஒரு பங்கு கணக்குல மாறும். உடையாத மறுநுனியை மைக்ரோமீட்டர்ல அளக்காம வாங்கினா கல்லோட துளையில நுழையாது, இல்ல ஆடும். சரியானதே வந்தாலும் பழசைக் கழட்டுற லட்சணம் இருக்கே! ரிவெட்டை லேத்ல சீவி எடுக்கணும். இங்க சுத்தியலால ஒரே தட்டு. பேலன்ஸ் கையில இருக்கிற துளை பெருசாகி, கை வளைஞ்சு, புது ஸ்டாஃப் பிடிக்காம, "பேலன்ஸே மாத்தணும், கிடைக்காது." கிடைக்காம ஆக்கினது யாரு?

சாவி கொடுக்கிற குமிழோட தண்டு இன்னொரு கொடுமை. நிறைய அமெரிக்க வாட்ச்ல தண்டு மெஷினோட வராது, கேஸ் கழுத்துல ஒரு ஸ்லீவுக்குள்ள நிக்கும். குமிழை இழுத்தா டக்குன்னு பிடிக்கலைன்னா அந்த ஸ்லீவை அதுக்குன்னு இருக்கிற குறடால கால் சுத்து, அரை சுத்து உள்ளயோ வெளியவோ திருப்பிப் பார்க்கணும். நம்ம கடையில தண்டோட சதுர முனையை அரத்துல ராவுறாங்க. ராவின முனை வளருமா?

இதுக்கு மேல பெட்ரோல் குளியல், தையல் மெஷின் எண்ணெய், கழண்ட முள்ளுக்கு ஃபெவிக்விக். அந்தப் பசையோட ஆவி கண்ணாடி உள்ளயும் டயல் மேலயும் வெள்ளையாப் படியும். ஸ்பிரிட்ல ஊறவெச்சா லீவர்ல இருக்கிற பேலட் கல்லைப் பிடிச்சிருக்கிற அரக்கு கரைஞ்சு கல்லே தனியா மிதக்கும். கடல்காத்துத் துரு தனிக் கணக்கு. பீச் பக்கத்து வீட்டு அலமாரியில நாலு மழைக்காலம் சும்மா கிடந்தா லீவர் ஸ்பிரிங்கும் ஹேர் ஸ்பிரிங்கும் பழுப்பாயிடும். சிலிகா ஜெல் பொட்டலம் ஒண்ணு போட்டு காத்துப் புகாத டப்பாவில வைக்கிறதுக்கு என்ன கேடு?

வெளிநாட்டுலேர்ந்து மெஷின் வரவழைக்கிறதும் சும்மா இல்ல. "ஓடல, பார்ட்ஸுக்கு மட்டும்"னு போட்டுட்டு டயலை மட்டும் போட்டோ எடுப்பான். பேலன்ஸ் பக்கம் போட்டோ கேளுங்க, அசைச்சா ஆடுதான்னு வீடியோ கேளுங்க. உங்களுக்கு வேண்டியது ஸ்டாஃப்னா, அவனோட வாட்ச்ல உடைஞ்சிருக்கிறதும் அதுவாத்தான் இருக்கும். கூரியரும் சுங்கமும் சேர்ந்து பார்ட்டோட விலையைத் தாண்டும், அதனால ஒரு ஸ்பிரிங்குக்காக ஆர்டர் போடாதீங்க, முழு மெஷினா எடுங்க.

நம்ம புதுச்சேரி காந்தி வீதி ஞாயித்துக்கிழமை சந்தையிலயும் கண்ணை வைங்க. கேஸ் இல்லாத வெறும் மெஷின் எங்க கண்ணுல பட்டாலும் விடாதீங்க. அப்படி ஒண்ணு எப்படி அனாதையா வந்திருக்கும்னு நினைக்கிறீங்க? யாரோ ஒருத்தருக்கு பேட்டரி போட்டுக் கொடுத்துட்டு உருவிப் போட்டதா இருக்கலாம். வாட்ச்சைக் கடையில விடுறதுக்கு முன்னாடி மெஷினை நம்பரோட போட்டோ எடுத்துக்குங்க. கழட்டின ஒவ்வொரு திருகும் திரும்ப வேணும்னு ரசீதுல எழுதி வாங்குங்க. "அதெல்லாம் குப்பை சார், தூக்கிப் போட்டாச்சு"ன்னு சொன்னா, குப்பைத் தொட்டியைக் காட்டச் சொல்லுங்க.