கூட்டு ஆவணமாம், கூட்டு மதிப்பெண்ணாம்!

எங்கள் கல்லூரியில் குரூப் அசைன்மென்ட்டை இனி ஆன்லைனில்தான் தர வேண்டுமாம். பலர் ஒரே ஆவணத்தில் எழுதக்கூடிய கூகுள் டாக்ஸில் ஐந்து ஐந்து பேராகச் சேர்ந்து எழுத வேண்டுமாம். சேர்ந்துதான் எழுதுகிறார்களா என்று ஒரு தடவையாவது திறந்து பார்த்துவிட்டு இந்தச் சுற்றறிக்கையை அனுப்பியிருக்கலாம்.

நான் பார்த்தேன். டாக்ஸில் வெர்ஷன் ஹிஸ்டரி என்று ஒன்று உண்டு. யார் எந்த வரியை எப்போது எழுதினார்கள் என்று ஆளுக்கொரு நிறத்தில் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு குழுவுடையதைத் திறந்தால் ஏறக்குறைய முழுக்க ஒரே நிறம். ராத்திரி பதினொன்றரைக்கு ஆரம்பித்து விடியும்வரை ஒரே ஒரு பெண் உட்கார்ந்து அடித்திருக்கிறாள். ஒருவன் வந்து தலைப்பை போல்டு ஆக்கிவிட்டுப் போயிருக்கிறான். இன்னொருவன் தன் பெயருக்கு இனிஷியல் சேர்த்திருக்கிறான். நான்காமவன் சாட்ஜிபிடியிலிருந்து நாலு பத்தியை அப்படியே கொண்டுவந்து கொட்டியிருக்கிறான், "வேறு ஏதாவது உதவி வேண்டுமா?" என்ற கடைசி வரி உட்பட. அதை அழித்ததும் அந்தப் பெண்தான். ஐந்தாவது ஆள் லிங்க்கையே தொடவில்லை. கேட்டால், "ஆக்சஸ் வரல மேம்."

ஐந்து பேருக்கும் ஒரே மதிப்பெண் போட வேண்டுமாம். வெர்ஷன் ஹிஸ்டரியை நிர்வாகத்திடம் காட்டினால், "அதையெல்லாம் எதுக்கு மேடம் நோண்டுறீங்க?" என்கிறார்கள். காகிதத்தில் எழுதிய காலத்திலும் ஒருத்தி எழுத, நாலு பேர் பெயர் போட்டுக்கொண்டார்கள்தான். அப்போது நிரூபிக்க வழியில்லை. இப்போது ஆதாரம் கண்முன்னால் இருக்கிறது, பார்க்கக் கூடாதாம்!

பெயர்களாவது ஒழுங்காக இருக்கிறதா? பாதிப் பேருக்கு செல்போன் கடைக்காரர் போட்டுக் கொடுத்த கணக்கு. அப்பா பெயரில் ஒருவன், 'தல வெறியன்' என்று ஒருவன். லாகின் செய்யாமல் வருகிறவர்களை கூகுளே 'அனானிமஸ் கேப்பிபாரா' என்பதுபோலப் பெயரில்லாத விலங்குகளாகக் காட்டுகிறது. எந்தக் கேப்பிபாராவுக்கு நான் இன்டர்னல் மார்க் போடுவது?

இவ்வளவும் கல்லூரிகளின் தரத்தை மதிப்பிட வரும் நாக் (NAAC) குழுவுக்காக. ஐசிடி கருவிகளை, அதாவது தகவல் தொழில்நுட்பக் கருவிகளைப் பயன்படுத்துகிறோமா என்று அவர்கள் கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் எங்கள் ஆட்களுக்கு வேண்டியது ஸ்கிரீன்ஷாட், எடுத்த இடத்தைக் காட்டும் ஜியோடேக் போட்ட புகைப்படம், அவ்வளவுதான். 2024 டிசம்பர் 31ஆம் தேதியோடு மூடப்பட்ட கூகுளின் ஆன்லைன் கரும்பலகையான ஜாம்போர்டு எங்கள் படிவத்தில் இன்னும் 'பயன்பாட்டில் உள்ளது'! டாக்ஸில் ஒரே ஆவணத்தை ஒரே நேரத்தில் 100 பேர் வரை திருத்தலாம், சரி. எங்கள் வைஃபையில் பத்துப் பேர் ஏறினாலே படுத்துவிடுகிறது. பிள்ளைகள் சொந்த டேட்டாவைச் செலவழித்து, கைப்பேசியில் கட்டைவிரலால் அடிக்கிறார்கள். யாரோ ஒருவரின் விரல் பட்டு மொத்தப் பக்கமும் காணாமல் போனால் வகுப்பே அலறுகிறது.

இந்த செமஸ்டர் வெர்ஷன் ஹிஸ்டரியைப் பிரின்ட் எடுத்து மதிப்பெண் பட்டியலோடு பின் அடித்துத்தான் கொடுக்கப் போகிறேன். போல்டு ஆக்கியவனுக்கு போல்டு ஆக்கியதற்கு உண்டான மார்க். மெமோ கொடுக்கிறவர்கள் தாராளமாகக் கொடுக்கட்டும்.