மூன்று வயதுப் பிள்ளைக்கு முதலில் மாடு, பிறகு 'மா'

மூன்று வயதுப் பிள்ளையின் கையில் பென்சிலைத் திணித்து 'அ' முதல் 'ஃ' வரை பக்கம் பக்கமாக எழுத வைக்கும் வழக்கத்தை நான் முழுமனதோடு எதிர்க்கிறேன். பண்ருட்டிப் பக்கத்தில் மழலையர் வகுப்பு நடத்துகிறவள் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். ஜூன் மாதம் பிறந்தால் போதும், "டீச்சர், எப்போது எழுத வைப்பீர்கள்?" என்று பெற்றோர் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். முதலில் நன்றாகப் பேசட்டும் என்பதுதான் என் பதில். தமிழ்நாடு அரசு 2022-இல் கொண்டுவந்த எண்ணும் எழுத்தும் திட்டம்கூட, 8 வயதுக்குள் பிள்ளை பொருள் புரிந்து படிக்க வேண்டும் என்றுதான் இலக்கு வைத்தது. அப்படியிருக்க, 3 வயதில் விரல் வலிக்க எழுத வைக்க என்ன அவசரம் வந்தது?

எங்கள் வகுப்பில் காலையில் எல்லோரும் பாயில் வட்டமாக உட்காருவோம். தனியார் பள்ளிகளில் இதைச் சர்க்கிள் டைம் என்பார்கள். கால் மணி நேரம்தான். அதற்கு மேல் அந்த வயதில் உட்கார மாட்டார்கள், உட்கார வைக்கவும் கூடாது. இந்தக் கால் மணி நேரத்துக்குக் கொல்லையையும் வயலையும் விட நல்ல பொருள் எனக்குக் கிடைத்ததில்லை. மற்ற எதைப் பற்றியும் நான் பேச்சுக் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆடு மாடு என்று ஆரம்பித்தால் பிள்ளைகளை நிறுத்துவதுதான் பாடு.

ஆனால் எந்த வயல் என்பது முக்கியம். கடையில் விற்கும் பண்ணைப் படத்தைப் பாருங்கள். சிவப்பு வண்ண மரக் கொட்டகை, கம்பளி மூடிய செம்மறி, இளஞ்சிவப்புப் பன்றி. எங்கள் ஊர்ப் பிள்ளை அதைப் பார்த்து என்ன பேசும்? அதற்குத் தெரிந்தது செம்மண் கொல்லையில் முந்திரி, வேலியோரத்தில் பலா. நெல்லிக்குப்பம் பக்கத்துப் பிள்ளைக்குக் கரும்பு, காட்டுமன்னார்கோயில் பக்கத்துப் பிள்ளைக்கு வீராணத்துத் தண்ணீரில் விளையும் நெல், பாகூர்ப் பிள்ளைக்கு ஏரிப் பாசன வயல். அறுப்பு என்றால் அரிவாளைக் காட்டுகிறது படம். பிள்ளைகள் பார்ப்பதோ அறுவடை இயந்திரத்தை. உழவு, நாற்று, நடவு, களை, அறுப்பு என்று வரிசையாக நடித்துக் காட்டச் சொன்னால், அறுப்பு வந்ததும் இரண்டு கைகளையும் சுற்றிக்கொண்டு இயந்திரமாகவே மாறிவிடுகிறார்கள். அப்படியே விடுங்கள். எது முதலில், எது பிறகு என்று வரிசை தப்பாமல் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு நாளைக்குக் கதை படிக்கும்போது அது கைகொடுக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த விளையாட்டு ஒன்று இருக்கிறது. ஆடு எப்படிக் கத்தும்? மே. காகம்? கா. குயில்? கூ. கிளி? கீ. யோசித்துப் பாருங்கள், இவை ஒவ்வொன்றும் ஓர் உயிர்மெய் எழுத்து! ஆட்டைப் போலக் கத்தத் தெரிந்த பிள்ளை 'மே' என்ற எழுத்தை ஏற்கெனவே வாயால் சொல்லிவிட்டது. அந்த ஒலிக்கு ஒரு வடிவம் உண்டு என்று அட்டையில் காட்டுவது மட்டும்தான் நம் வேலை. நடுவில் ஒரு பிள்ளை நின்று 'மே' அட்டையைத் தூக்கினால் வட்டம் முழுவதும் ஆட்டு மந்தையாகிவிடும். 'கா' அட்டையைத் தூக்கினால் அத்தனை பேரும் காகம். அட்டையைப் பார்த்து ஒலியை எழுப்புகிறார்கள் என்றால் அதுதானே படிப்பு? இன்னொன்றையும் கவனியுங்கள். கா, கூ, கீ மூன்றிலும் மெய் ஒன்றே, 'க்'. உயிர் மாறினால் பறவை மாறிவிடுகிறது. 18 மெய்யும் 12 உயிரும் கூடி 216 உயிர்மெய் ஆகும் கணக்கை நாம் பெரிய வகுப்பில் விளக்கு விளக்கென்று விளக்குகிறோம். அதன் சூட்சுமத்தை 4 வயதுப் பிள்ளை கத்திக் கத்தியே காதில் வாங்கிக்கொள்கிறது.

அடுத்தது கைத்தட்டு. நெல் என்றால் ஒரு தட்டு. மாடு, இரண்டு. கரும்பு, மூன்று. முந்திரிக்கும் மூன்றுதான்: முந்-தி-ரி. எழுத்தை எண்ணினால் நான்கு வருமே என்று சில ஆசிரியைகள் வாதாடுகிறார்கள். எண்ணிக்கை பிறகு வரட்டும். இந்த வயதில் வாய் எங்கே நிற்கிறதோ அங்கேதான் கை தட்ட வேண்டும். வீட்டில் மல்லாட்டை என்று சொல்லும் பிள்ளையை வேர்க்கடலை என்று திருத்தவும் வேண்டாம். மல்-லாட்-டை என்று தாராளமாகத் தட்டட்டும். பிறகு ஒரு கூடையை நடுவில் வைப்போம். முருங்கைக்காய், முள்ளங்கி, முந்திரி இலை ஒரு பக்கம். வெண்டைக்காய், வெங்காயம், வெள்ளரி இன்னொரு பக்கம். சொல்லின் முதல் ஒலியைக் காதால் கேட்டுப் பிரிக்க வேண்டும். எழுத்து இன்னும் கண்ணிலேயே படவில்லை, காது தயாராகிவிடுகிறது.

முந்திரியில் இலை போதும். பச்சைக் கொட்டையை ஒருபோதும் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள். அதன் பால் பட்டால் தோல் வெந்துவிடும் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும், வெளியூர் ஆசிரியைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். உரித்த மல்லாட்டையும் புளியங்கொட்டையும் மூக்குக்குள் போகும், தொண்டையில் அடைக்கும். பலாக்கொட்டை பெரியது, வழுவழுப்பானது. ட, ப இரண்டும் நேர்க்கோட்டு எழுத்துகள் என்பதால் பலாக்கொட்டைகளை வரிசையாக அடுக்கியே அவற்றின் வடிவத்தைத் தரையில் போட்டுவிடலாம்.

இவை எல்லாவற்றையும் விட நான் பெரிதாக மதிப்பது பிள்ளை சொல்ல நான் எழுதுவது. ஒரு சிறுமி, "எங்கள் வீட்டு ஆடு குட்டி போட்டது" என்றாள். அதை அப்படியே கரும்பலகையில் பெரிதாக எழுதி, ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே விரலை நகர்த்திப் படித்துக் காட்டினேன். தான் சொன்ன பேச்சு பலகையில் போய் உட்கார்ந்துகொண்டதை அவள் கண்கொட்டாமல் பார்த்தாள். பக்கத்தில் இருந்த பையன் எழுந்து வந்து 'வீட்டு' என்பதன் கடைசி எழுத்தையும் 'ஆடு' என்பதன் கடைசி எழுத்தையும் மாறி மாறித் தொட்டான். இரண்டும் ஒன்று என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. நோட்டு நிறைய 'டு' எழுதிய பிள்ளைகளிடம் இந்தக் கண்டுபிடிப்பை நான் பார்த்ததில்லை.

எங்கள் பிள்ளைகளுக்கு வயல் ஏது என்று புதுச்சேரி நகரத்துப் பெற்றோர் கேட்கலாம். குபேர் அங்காடிக்குக் காய் வாங்கப் போகும்போது பிள்ளையையும் கூட்டிச் செல்லுங்கள், ஒவ்வொரு கூடைக்கும் முன்னால் நின்று பெயர் சொல்லுங்கள். தேவனாம்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் ஆட்டையும் மாட்டையும் கட்டி இழுக்க வேண்டியதில்லை. வஞ்சிரம் மீனும் வவ்வால் மீனும் 'வ' என்ற ஒலிக்குப் போதும்.

இந்தப் பதிவைப் படிக்கும் பால்வாடி, மழலையர் வகுப்பு ஆசிரியைகளிடமும் பாட்டிமார்களிடமும் ஒன்று கேட்கிறேன். உங்கள் ஊரில் கோழியை எப்படிக் கூப்பிடுவீர்கள்? மாட்டை என்ன சொல்லி ஓட்டுவீர்கள்? பிள்ளைகளுக்குப் போடும் விடுகதைகளில் காய், கனி, பயிர் பற்றி என்னென்ன இருக்கின்றன? கீழே எழுதுங்கள். பலாவுக்கும் முந்திரிக்கும் எங்களிடம் நிறைய இருக்கின்றன, நெல்லுக்கும் கரும்புக்கும்தான் குறைவு.