110 மி.மீ., ப்ளஸ் மைனஸ் பத்து மைக்ரான்

"தம்பி, இந்த 110 எதில் போய் உட்காருகிறது?"

கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருந்த ஒரு பெரியவர் என்னிடம் கேட்டது. நான் டிசைன் வேலைக்குச் சேர்ந்து இரண்டு ஆண்டுகூட ஆகியிருக்கவில்லை. பம்ப் மோட்டாரின் பேரிங் மூடி அது. 110 அதன் வெளி விட்டம். அது எதிலும் உட்காரவில்லை, சுற்றிலும் காற்றுதான். ஆனால் என் ட்ராயிங்கில் ±0.01 மி.மீ. என்று இருந்தது, அதாவது பத்து மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). பழைய ட்ராயிங் ஒன்றை எடுத்து அளவுகளை மட்டும் மாற்றியிருந்தேன். டாலரன்ஸ், அதாவது அளவு எவ்வளவு விலகலாம் என்ற வரம்பு, அப்படியே கூட வந்துவிட்டது. "ட்ராயிங்கில் இருப்பதுபோல் செய்துகொடுங்கள்" என்றேன்.

செய்துகொடுத்தார். தன் பழைய லேத்தில் அந்த அளவு நிற்காது என்று கிரைண்டிங்குக்கு வெளியே அனுப்பி, கூலியைத் தன் கையிலிருந்தே கொடுத்தார். நாற்பது மூடிகளில் பதினொன்றை எங்கள் ஆய்வுப் பிரிவு தள்ளியது. பதினொன்றும் மோட்டாரில் குறையில்லாமல் பொருந்தியிருக்கும்.

110 மி.மீ. எஃகு பத்து டிகிரி சூடேறினால் 12 மைக்ரானுக்கு மேல் விரியும். லேத்திலிருந்து இறக்கிய சூட்டோடு மைக்ரோமீட்டர் வைத்தால் நல்ல உருப்படியே கெட்டதாகத் தெரியும். வரைபடத்தில் எழுதும் எந்த அளவும் 20 டிகிரி செல்சியஸுக்கானது. மே மாதத்துப் பட்டறைக்கு அது தெரியுமா? அந்த விட்டத்துக்கு ஐ.எஸ்.ஓ. 2768 என்ற பன்னாட்டுத் தரத்தில், தனியாக டாலரன்ஸ் எழுதாத அளவுகளுக்கான பொது டாலரன்ஸின் நடுத்தர வகுப்பே ±0.3 தருகிறது. நான் கேட்டதைவிட முப்பது மடங்கு அகலம். அதுவே தாராளமாகப் போதும்.

டாலரன்ஸ் என்றால் எவ்வளவு விலகலைப் பொறுத்துக்கொள்வேன் என்று டிசைனர் கொடுக்கும் வாக்கு. யோசிக்காமல் இறுக்கிப் போடுவதைக் கவனம் என்று நம் அலுவலகங்களில் பாராட்டுகிறார்கள். எனக்கு அது பொறுப்பைக் கைகழுவுவதாகத்தான் படுகிறது. யோசிக்க வேண்டிய பத்து நிமிடத்தை மிச்சப்படுத்தி, அதன் செலவை ஜாப் ஒர்க் செய்பவர் தலையில் கட்டுகிறோம்.

இறுக்க வேண்டிய இடத்தில் இறுக்கத்தான் வேண்டும். அதே மோட்டாரில் 6205 எண் பேரிங் ஏறும் 25 மி.மீ. ஷாப்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஷாப்ட் டாலரன்ஸில் கே6 என்ற வகுப்பைப் போட்டால் 25.002 முதல் 25.015 வரை, வெறும் 13 மைக்ரான் இடைவெளி. அங்கே ஒவ்வொரு மைக்ரானுக்கும் காரணம் உண்டு. ஷாப்ட் மெலிந்துபோனால் பேரிங்கின் உள்வளையம் அதன்மேல் மெல்ல நழுவிச் சுற்றும். உட்காரும் இடம் தேய்ந்து, செம்பழுப்புத் தூள் கிளம்பும். அந்த 13 மைக்ரானுக்காக டர்னரிடம் நான் சண்டையே போடுவேன். எல்லா அளவையும் ஒரேபோல இறுக்கிவிட்டால், உயிரான அளவு எது என்று அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

துளைகளிலும் இதே கதைதான். துளையின் மையத்துக்கு நீளவாக்கிலும் அகலவாக்கிலும் ±0.1 என்று போட்டால், மையம் விழக்கூடிய இடமாக 0.2 மி.மீ. பக்கமுள்ள சதுரம் கிடைக்கிறது. சதுரத்தின் மூலையில் விழும் துளையை ஏற்கிறோம். மையத்திலிருந்து அதே தூரம் நேர் பக்கமாக விலகிய துளையைத் தள்ளுகிறோம். போல்ட்டுக்கு மூலை ஏது, பக்கம் ஏது? மூலைகளைத் தொடும் வட்டமாகக் கொடுத்தால் பரப்பு 57 சதவீதம் கூடுகிறது, போல்ட்டும் அதேபோல நுழைகிறது. ஸ்காட்லாந்தின் டார்பிடோ தொழிற்சாலையில் வேலைபார்த்த ஸ்டான்லி பார்க்கர் இரண்டாம் உலகப் போர்க் காலத்தை ஒட்டியே இந்த வழியைச் சொன்னவர். இன்னும் நம்மிடம் வரும் ட்ராயிங்குகளில் பாதிக்கு மேல் சதுரம்தான்!

பட்டறைக்காரர்களை விலை பேச மட்டும் கூப்பிடாதீர்கள். ட்ராயிங்கில் கையெழுத்து விழும் முன்னால் கூப்பிட்டு உட்காரவைத்து, அந்த அரை நாளுக்குக் கூலி கொடுங்கள். "இது எதில் போய் உட்காருகிறது?" என்று அவர்கள் கேட்கட்டும். பதில் சொல்ல முடியாத டாலரன்ஸை அங்கேயே அடித்துவிடுங்கள்.