இல்லாத பித்தப்பைக்கு நற்சான்றிதழ்

என் அம்மாவுக்குப் பித்தப்பை கிடையாது. கல் இருக்கிறதென்று 9 வருடங்களுக்கு முன்பே அறுவை சிகிச்சையில் எடுத்துவிட்டார்கள். போன வாரம் அவர் கையில் பிடித்துக்கொண்டு வந்த 38 பக்க அறிக்கையோ, "பித்தப்பை: இயல்பு நிலை" என்கிறது. பச்சை நிறத்தில், பக்கத்தில் ஒரு சரி அடையாளத்துடன்!

அந்த அறிக்கையைத் தந்த கருவி இதுதான்: கணினியிலிருந்து வரும் கம்பியின் நுனியில் ஓர் உலோகக் குச்சி. அதை ஒரு நிமிடம் பிடித்திருந்தால் போதுமாம். உடம்பின் "மின்காந்த அலைகளை" வாசித்து, கல்லீரல் முதல் நினைவாற்றல் வரை எல்லாவற்றையும் சொல்லிவிடுமாம். வியர்வைக்கு ஏற்ப மாறும் உள்ளங்கையின் மின்தடையைத் தவிர வேறெதுவும் அந்தக் குச்சிக்குத் தெரிய வழியில்லை. ஆனால் பெயர், வயது, எடை எல்லாம் முதலிலேயே கேட்டுப் பதிந்துகொள்கிறார்கள். எனக்கு உறுத்தியது அதுதான். மறுநாள் நானே போய் உட்கார்ந்தேன். வயது 30 என்றேன். எலும்புகள் இரும்பாக இருந்தன. "தவறாகச் சொல்லிவிட்டேன், 55" என்று மறுபடி பிடித்தேன். கால் மணி நேரத்துக்குள் என் மூட்டுகள் தேய்ந்துவிட்டன.

கேள்வி கேட்டால் தயாராக ஒரு பதில் வைத்திருக்கிறார்கள்: "எம்.ஆர்.ஐ. மட்டும் காந்தம் இல்லையா சார்?" இதைக் கேட்டால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மருத்துவமனைகளில் பரவலாக இருக்கும் 1.5 டெஸ்லா எம்.ஆர்.ஐ.யின் காந்தப்புலம் பூமியினுடையதைப் போல் ஏறத்தாழ 30,000 மடங்கு. உடம்பிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் தரும் சைகையைப் பிடித்துப் படமாக்குகிறது அது. அதன் பெயரைச் சொல்லி இந்தக் குச்சிக்கு மரியாதை தேடுவதா? காந்த மெத்தை விற்பவர் இன்னும் ஒரு படி மேல்: ரத்தத்திலுள்ள இரும்பைக் காந்தம் இழுத்து ஓட்டத்தைச் சீராக்குமாம். ஹீமோகுளோபினில் உள்ள இரும்பு ஆணியைப் போல ஒட்டாது. ஒட்டுமென்றால் எம்.ஆர்.ஐ.க்குள் போன ஒருவராவது உயிரோடு வெளியே வந்திருப்பாரா?

ஆறாத எலும்பு முறிவுக்குத் விட்டுவிட்டு மின்காந்தப்புலத்தைச் செலுத்தும் துடிப்பு மின்காந்தப்புலக் கருவியை மருத்துவர்கள் பயன்படுத்துவது உண்மை. அமெரிக்காவில் 1979-லேயே அனுமதித்தார்கள். அந்த ஒன்றைக் காட்டித்தான் சர்க்கரை நோய்க்கும் புற்றுநோய்க்கும் கடை விரிக்கிறார்கள்.

மோசடியும் புதிதல்ல. 1920-களில் சான் பிரான்சிஸ்கோவின் ஆல்பர்ட் ஆப்ரம்ஸ் ஒரு துளி ரத்தத்தின் "அதிர்வை" வைத்து நோய் சொல்லும் பெட்டிகளால் பெரும் பணம் சேர்த்தார். அவர் முறையில் சோதிப்பவர் ஒருவருக்கு ஒரு மருத்துவர் ரத்தம் அனுப்பினார். மலேரியா, சர்க்கரை நோய், புற்றுநோய், மேகநோய் என்று பதில் வந்தது. அனுப்பியது சேவலின் ரத்தம்! அந்தப் பெட்டி 38 பக்கம் அச்சடிக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்சுலினைச் சுரப்பது கணையம். அம்மாவின் அறிக்கையில் "கணையம்: மிக நன்று" என்று இருந்ததாம். அம்மா சர்க்கரை மாத்திரையை நிறுத்தி ஐந்து நாள் ஆகிவிட்டது; பிரிக்காத அட்டையை அலமாரியில் பார்த்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. "அம்மா, உங்களுக்குப் பித்தப்பையே கிடையாதே, அதையும் நன்றாக இருக்கிறதென்று எழுதியிருக்கிறானே" என்று கத்தினேன்.

அம்மா நிதானமாகச் சொன்னார்: "அதையும் அந்தப் பையனிடம் கேட்டேன். எடுத்த இடத்தில் மறுபடி வளர ஆரம்பித்திருக்கலாம் என்றான்."