அனுமதி வாங்கிய கலகம்

தெருவோவியம் இப்போது எல்லோருக்கும் பிடித்துவிட்டது. எனக்கு அதுதான் உறுத்துகிறது.

1980-களின் தொடக்கத்தில் நியூயார்க் சுரங்க ரயில் நிலையங்களில், விளம்பரம் ஒட்டாமல் கிடந்த கறுப்புத் தாள்மீது கீத் ஹாரிங் சாக்பீஸால் வரைந்தார். அழித்தால் போய்விடும் சாக்பீஸ்தான். அதற்கே போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. இன்று நகராட்சியே சுவரைக் கொடுக்கிறது, பெயின்ட் கம்பெனி செலவை ஏற்றுக்கொள்கிறது, படமெடுக்க ட்ரோன் வருகிறது.

ஓவியருக்குக் கூலி கிடைப்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ராத்திரியில் ஒளிந்து வரைந்ததெல்லாம் பெரிய கலை என்றும் சொல்ல மாட்டேன், பாதி வெறும் கிறுக்கல். ஆனால் ஸ்கெட்ச்சைக் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும் என்று வந்துவிட்டால், எதை வரையக்கூடாது என்று யாரும் சொல்லவே வேண்டியதில்லை. ஓவியரே விட்டுவிடுவார். அப்புறம் எந்த ஊர்ச் சுவரிலும் பறவை, பூ, சிரிக்கிற பாட்டி.

மியாமியின் வின்வுட் முன்பு கிடங்குகள் நிறைந்த பகுதி. 2009-இல் டோனி கோல்ட்மன் என்ற ரியல் எஸ்டேட்காரர் அங்கே சுவர்களை ஓவியர்களுக்குத் திறந்துவிட்டார். கூட்டம் வந்தது, கடைகள் வந்தன, வாடகை எகிறியது. கிராஃபிட்டி என்ற சுவர்க் கிறுக்கல் வந்தால் நிலத்தின் மதிப்பு விழும் என்று பயந்த காலம் ஒன்று இருந்தது!

இந்த வியாபாரம் வேண்டாம் என்று ப்ளூ என்ற இத்தாலிய ஓவியர் அளவுக்கு யாரும் முகத்தில் அறைந்தாற்போல் சொன்னதில்லை. பெர்லினின் க்ராய்ட்ஸ்பெர்க்கில் அவர் வரைந்த பிரம்மாண்டமான ஓவியங்களின் எதிரே கட்டடம் வரப்போகிறது என்றதும், 2014-இல் அவர் சம்மதத்தோடு அவற்றைக் கறுப்படித்து மூடினார்கள். 2016-இல் இத்தாலியின் பொலோனியாவில் தெருச் சுவர்களிலிருந்து ஓவியங்களைப் பெயர்த்தெடுத்துக் கண்காட்சி வைத்தார்கள். ப்ளூ ஆட்களைச் சேர்த்துக்கொண்டு, அந்த ஊரில் தான் இருபது வருடமாக வரைந்ததையெல்லாம் சாம்பல் நிறம் பூசி அழித்தார். கொண்டாடப்படுவதைவிட அழிந்துபோவது மேல் என்று முடிவெடுக்க எவ்வளவு கோபம் இருந்திருக்க வேண்டும்?

முகம் காட்டாத பிரிட்டிஷ் தெருவோவியர் பேங்க்ஸி வேறு ரகம். 2018-இல் ஏலம் முடிந்த நொடியே தன் படத்தைப் பாதி கிழியவைத்தார். மூன்று வருடம் கழித்து அந்தக் கிழிசலே 1.85 கோடி பவுண்டுக்கு மேல் விலைபோனது. சரி, இவரும் சந்தையின் செல்லப்பிள்ளை என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் 2025 செப்டம்பரில் லண்டன் நீதிமன்ற வளாகச் சுவரில், போராட்டக்காரரை நீதிபதி சுத்தியலால் அடிப்பதுபோல் வரைந்தார். இவருடைய மற்ற ஓவியங்கள் பலவற்றுக்குப் பிளாஸ்டிக் தகடு போட்டுக் காவல் காக்கிறார்கள். இதை மட்டும் உடனே மூடி மறைத்து, பிறகு தேய்த்துக் கழுவினார்கள். பாதுகாக்கப்பட்ட பழைய கட்டடம், அதனால்தான் என்றார்கள். இருக்கலாம்.