மனை விலைக்கே போகும் தொட்டிக்கட்டு வீடுகள்

‘பழைய ஓட்டு வீடு, மனை விலைக்கே தரப்படும்.’ கோபி, தாராபுரம், பொள்ளாச்சி என்று எந்தப் பக்கத்து விளம்பரத்தில் இந்த வரியைப் பார்த்தாலும் எனக்கு ஆத்திரம் வருகிறது. தேக்குத் தூண், ஆசாரம் என்கிற அகலமான கூடம், நடுவில் தொட்டி என்கிற வானம் பார்த்த முற்றம் என்று தலைமுறைகள் வாழ்ந்த தொட்டிக்கட்டு வீட்டுக்குச் சந்தையில் ஒரு ரூபாய் மதிப்பில்லை. சில இடங்களில் இடித்து அள்ளும் செலவையும் கழித்துக்கொண்டுதான் மனைக்கே விலை பேசுகிறார்கள்.

அதே வீட்டைப் பிரித்துப் போட்டால் நிலைக்கதவுக்கு ஒரு விலை, தூணுக்கு ஒரு விலை, உத்திரத்துக்கு ஒரு விலை. பழைய மரக்கடைக்காரர்கள் போட்டி போட்டு வாங்கிப் போகிறார்கள். அந்தத் தூண்கள் பிறகு ஏதாவது ஒரு ரிசார்ட்டின் வரவேற்பறையில் நிற்கின்றன. வீடாக நின்றபோது இல்லாத மதிப்பு மரமாகச் சாய்ந்ததும் எங்கிருந்து வந்தது?

கணக்குப் போடும் முறையில்தான் கோளாறு. வங்கிக்காக வரும் மதிப்பீட்டாளர் இடத்தையும் கட்டடத்தையும் தனித்தனியாக மதிப்பிடுவார். கட்டடத்துக்குச் சதுர அடிக்கு இவ்வளவு என்று போட்டு, வயதுக்கேற்பத் தேய்மானம் கழிப்பார். கான்கிரீட் கட்டடத்துக்கே பொதுவாக 60 ஆண்டு ஆயுள் என்று வைக்கிறார்கள். தாத்தா காலத்து ஓட்டு வீடு அந்தக் கணக்கில் எப்போதோ செத்துப்போனது. தொட்டி வழியாக அனல் மேலேறிப் போவதையும், பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்று ஆசாரத்தில் புகுந்து வீசுவதையும் எழுத அந்தப் படிவத்தில் இடமே இல்லை. கடன் எளிதில் கிடைக்காத வீட்டை ரொக்கம் வைத்திருப்பவர்தான் வாங்க முடியும். வாங்க ஆள் குறைந்தால் விலை இறங்கத்தானே செய்யும்?

இன்னொரு காரணம் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அண்ணன் தம்பி நான்கு பேர் பாகம் பிரிக்கும்போது நிலத்தை அளந்து கல் நடலாம், தொட்டிக்கட்டை எப்படி நான்காக வெட்டுவது? யாரும் மற்றவர் பங்கை வாங்க முன்வராவிட்டால் இடிப்பது ஒன்றே வழியாகிவிடுகிறது. ஓடு மாற்றுவதும் கரையானோடு போராடுவதும் சிரமம்தான், மறுக்கவில்லை.

புது வீட்டில் பணம் போகும் இடம் எலிவேஷன். மேற்குப் பார்த்த சுவரில் ஆளுயரக் கண்ணாடி வைத்துவிட்டு, மாலை வெயிலுக்குத் திரை போட்டு ஏசியை ஓட்டுகிறார்கள். அந்த முகப்புக்காகக் கூடுதலாகக் கொடுத்த விலை எத்தனை நாள் நிற்கும்? பத்து வருடம் போனால் வாங்க வருபவர் ‘பழைய டிசைன்’ என்று சொல்லிக் குறைத்துக் கேட்கிறார். ஓட்டுக்கும் ஒரு காலம் இருந்தது. 1865இல் மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறித்தவ மிஷனரி அமைப்பின் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பிறகு மெல்ல மெல்ல இந்தப் பக்கமும் பரவிய ஆலை ஓடு, வசதியான குடும்பத்தின் அடையாளமாகவே இருந்தது. மோஸ்தர் போனதும் மதிப்பும் போயிற்று. நிழலும் காற்றும் அப்படிப் போகக்கூடியவை அல்ல, அவற்றுக்குத்தான் நாம் விலை கொடுப்பதில்லை.

தொட்டிக்கட்டு வீட்டை விற்கும் நிலையில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அட்வான்ஸ் கைமாறும் முன், மரவேலை தெரிந்த ஆசாரி ஒருவரை அழைத்துக் கதவு, தூண், உத்திரம், கைமரம் எல்லாவற்றின் மதிப்பையும் தனியாக எழுதி வாங்குங்கள். அதை மனை விலைக்கு மேல் வைத்துப் பேசுங்கள். வாங்குபவர் ஒத்துக்கொள்ளாவிட்டால், மரத்தை நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.